சைக்கிளுக்கு ஒரு நங்கூரம்

பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் முழங்கால் எரியும். சைக்கிள் பழகி விழுந்த தெருக்களெல்லாம் ஒன்றாய்த் திரும்பி வரும். திருவொற்றியூர் சைக்கிள் கடையில் என் டியூபுக்காக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு மீன்பிடிப் படகுக்காரர், மனைவியின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். கேரியரில் சின்னக் கூடாரம். அந்தம்மா பழவேற்காடு வரை தனியாக மிதித்துப் போய், கடற்கரையில் ஓர் இரவு தங்கி வரப்போகிறார். முதல் தடவை. காற்றடித்து முடித்தவர், கொண்டுவந்திருந்த படகு நங்கூரத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

“இந்த நங்கூரத்த எட்த்துகினு போமே.”

“சைக்கிளுக்கு எதுக்குய்யா நங்கூரம்?”

“டென்ட்டுக்குத்தான்மே. மணல்ல ஆணி நிக்காது, காத்து தூக்கிகினு பூடும்.”

“பையில மணல ரொப்பி, கவுறு கட்டிப் பொதைச்சா நிக்கும். நம்ம கரையிலயே போட்டுப் பாத்துட்டேன்.”

“அப்ப நானும் பின்னாடியே பைக்ல வரேன். தூரமா நின்னுக்கிறேன்.”

“அப்பறம் அது இன்னா தனியா போறது? நீ கடலுக்குப் போ சொல்லோ, நா பின்னாடியே நீந்திகினா வரேன்?”

கடைக்காரர் சிரித்தார். அந்தம்மா சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார்.

“எப்போ திரும்பி வருவேமே?”

மிதியில் வைத்த கால் இறங்கியது. “கெளம்பறவங்கள அத்த கேக்கக் கூடாதுன்னு, கல்யாணம் ஆன நாளா என் வாய அடைச்சவன் நீ. உன் போட்டு கெளம்ப சொல்லோ நா இன்னா சொல்லுவேன்? அத்த சொல்லு.”

அவர் நங்கூரத்தைத் தோள் மாற்றிக்கொண்டார்.

“கரையில கீறேன்மே. போய்ட்டு வா.”