எட்டாவது சட்டை

"உம்பொண்ணு போட்டுக் கழிச்ச துணிய எம்புள்ள மேல போட்டா ஒனக்கு என்னா கொறஞ்சிடும் அண்ணி?"

கயல்விழி இப்படிக் கேட்டபோது நான் என் வீட்டு வாசலில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வெங்காயம் உரிக்கிறவளுக்குக் கைக்குத்தான் வேலை, காது சும்மாதானே இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்பது குற்றமென்றால் விருத்தாசலத்தில் எங்கள் தெருவே ஜெயிலில் இருக்க வேண்டும்.

விஷயம் சின்னது. கயல்விழிக்கு நிறைமாதம். பெண்ணாடத்தில் கட்டிக்கொடுத்த பெண், பிரசவத்துக்கு அண்ணன் கார்முகில் வீட்டுக்கு வந்திருந்தாள். பிறந்த பிள்ளைக்கு எடுத்ததும் புதுத்துணி போடமாட்டோம். நோய்நொடி இல்லாமல் வளர்ந்த ஒரு பிள்ளையின் பழந்துணியைத்தான் முதலில் போடுவோம். கயல்விழிக்கு முன்பே ஒன்று குறைமாதத்தில் போய்விட்டது. அதனால் இந்தத் தடவை அண்ணன் மகள் இளமதியின் துணிதான் வேண்டுமென்று நம்பியிருந்தாள். இளமதிக்கு நாலு வயசு. ஜலதோஷம்கூடப் பிடித்ததில்லை.

அந்தத் துணியெல்லாம் என்னிடம் இருந்தது. அண்ணிக்காரி விருத்தாம்பாள் டிவியில் எதையோ பார்த்துவிட்டு, பிள்ளைக்குச் சின்னதாகிப்போன சட்டைகளைக் கட்டம் கட்டமாக வெட்டி ஒரு போர்வையாகத் தைத்துத் தரச்சொல்லிக் கொடுத்திருந்தாள். நான் வீட்டில் மிஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறவள். போர்வை தைத்ததில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை.

"பாப்பா பெருசானதும் காட்டணும்க்கா. இது காது குத்துனப்ப போட்டது, இது மொத பொங்கலுக்கு எடுத்ததுன்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. தெருவில் வருகிற பாத்திரக்காரனிடம் போட்டால் ஒரு பக்கெட்டாவது மிஞ்சும்.

இதைக் கயல்விழியிடம் சொன்னது நான்தான். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளிடம், "உங்க அண்ணி எல்லாத்தையும் வெட்டக் குடுத்துட்டா. ஒனக்குன்னு ஒண்ணுகூட எடுத்து வெக்கலியா?" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தடவை பிள்ளை தவறினவளுக்குக் கொடுக்க யாருக்கும் யோசனையாகத்தானே இருக்கும் என்று மட்டும் சேர்த்துச் சொன்னேன். அதை அண்ணி சொன்னதாக அவள் எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வது.

கயல்விழிக்குக் குரல் பெரிது. விருத்தாம்பாள் மெதுவாகப் பேசுகிறவள். ராஜாம்பா அக்கா இந்நேரம் வெட்டியிருப்பாங்க என்று என் பெயர் அடிபட்டது, அதற்குமேல் சரியாக விழவில்லை. வெங்காயத் தட்டை வைத்துவிட்டு அவர்கள் கேட்டுக்குப் போனேன். கொண்டியைத் தூக்கி, ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்து, உள்ளே போவதா வேண்டாமா என்று யோசிக்கிறவள் மாதிரி நின்றேன்.

நான் ஒரு துணியையும் வெட்டியிருக்கவில்லை. எட்டுச் சட்டையும் மிஷினுக்குக் கீழே பையில் மடித்தபடி இருந்தன. அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை அங்கேயே நின்றிருக்கும். நின்றுவிடும் என்றுதான் சொல்லவில்லை. கயல்விழி அப்போதுதான் தன் கல்யாணத்தன்று அண்ணி முகம் கொடுத்துப் பேசாத கதைக்கு வந்திருந்தாள். எனக்குத் தெரியாத கதை அது ஒன்றுதான்.

அப்போது இளமதி வெளியே வந்தாள். மஞ்சள் கவுன். கையில் காதுடைந்த பீங்கான் கப்பு. எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு அதுதான் விளையாட்டுச் சாமான்.

"எங்கடி போற?"

"களிமண்ணு எடுக்க பெரிம்மா. அத்தைக்குப் பொறக்கப்போற பாப்பாவுக்குப் பொம்ம செய்யணும்."

தெருக்கோடியில் பீங்கான் பட்டறைக்கு மண் வெட்டியெடுத்த குழி இருக்கிறது. ஐப்பசி மழையில் நிரம்பிக் கிடந்தது. எனக்கு அது தெரியும்.

"சீக்கிரம் வந்துடு," என்றேன். அவள் போவதற்கு நகர்ந்து வழியும் விட்டேன்.

சண்டை இன்னும் அரைமணி நேரம் நடந்தது. இருவரும் அழுது ஓய்ந்தபிறகுதான் பிள்ளையைத் தேடினார்கள். நானும் தேடினேன். கோயில் பக்கம் போனேன், ஜங்ஷன் ரோட்டுப் பக்கம் போனேன். குழிப்பக்கம் முதலில் போனால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அங்கே வேறு யாரோ போனார்கள். கப்பு கரையிலேயே இருந்ததாம்.

கேட்டைத் திறந்து போட்டது யாரென்று போலீஸ்காரர் கேட்டார். காலையில் கயல்விழி மாவு அரைக்கப் போய்வந்தாள் என்றேன். அது பொய் இல்லை, போய்வந்தாள்தான். மீதியை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள். கார்முகில் தங்கையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுடைய பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தான்.

"நான் கொண்டி போட்டேண்ணா," என்றாள் கயல்விழி. இரண்டு தடவை சொன்னாள்.

போட்டுத்தான் இருந்தாள். தூக்கினவளுக்குத் தெரியாதா.

காரியமெல்லாம் முடிந்தபிறகு விருத்தாம்பாள் என்னிடம் வந்தாள். மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வெட்டாம ஏதாச்சும் இருந்தா அப்புடியே குடுத்துடுங்கக்கா. போர்வ வேணாம்."

பை அவள் காலருகில்தான் இருந்தது. இருக்கிறது என்றால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும்.

"அப்பவே வெட்டிட்டேன்மா," என்றேன்.

அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு வெட்டினேன். கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை அளவாக வைத்துக்கொண்டேன். ஏழு சட்டையில் போர்வை முடிந்துவிட்டது. எட்டாவது, பிறந்த புதிதில் போட்ட நாடா வைத்த சட்டை, மிஞ்சியது. போர்வையைப் பிரித்துப் பார்த்துவிட்டு விருத்தாம்பாள் அதைத்தான் கேட்டாள். நைந்துபோய்க் கத்தரிக்கு நிற்கவில்லை என்றேன். எந்தக் கட்டம் எப்போது எடுத்த துணி என்று அவளுக்கே இரண்டு மூன்று மறந்திருந்தது. நான்தான் எடுத்துக்கொடுத்தேன். தையல் நன்றாக இருந்தது, அதை அவளே சொன்னாள்.

மறுவருஷம் அவள் அந்தப் போர்வையோடு சேத்தியாத்தோப்பில் அம்மா வீட்டுக்குப் போனவள், திரும்பி வரவில்லை. கயல்விழிக்குப் பெண்ணாடத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. அண்ணன் போய்ப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு முதலில் யார் துணியைப் போட்டார்கள் என்று எவ்வளவோ விசாரித்தும் எனக்குத் தெரியவில்லை. கார்முகில் மூன்று வருஷம் கழித்து முஷ்ணம் பக்கத்தில் ஒரு பெண்ணைக் கட்டினான். போன ஆவணியில் பையன் பிறந்தான். அந்தப் பெண்ணுக்கு இந்தத் தெருவில் என்னைத் தவிர யாரையும் அவ்வளவாகத் தெரியாது. பழந்துணி வேண்டுமென்று என்னிடம்தான் வந்தாள்.

எட்டாவது சட்டையைத் துவைத்துக் கொடுத்தேன்.

"நல்லா வளந்த புள்ள போட்டதுதானக்கா?"

"ஜலதோஷம்கூடப் புடிக்காத புள்ளம்மா," என்றேன். அதுவும் பொய் இல்லை.

கார்முகில் சட்டையைப் பார்த்தான். அடையாளம் தெரியவில்லை. அவர்கள் இப்போது ஜங்ஷன் பக்கம் வேறு வீட்டுக்குப் போய்விட்டார்கள். பையன் தவழ்கிறானாம். புது வீட்டுக் கேட்டுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். பிள்ளை இருக்கிற வீடு, கொண்டியை மட்டும் நம்பக்கூடாது என்று அவர்களுக்கு எடுத்துச் சொன்னது நான்தான். ஒரு பிள்ளை மேல் அக்கறை இல்லாதவள் அப்படிச் சொல்வாளா.