தழும்பில்லாத வைத்தியம்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அறுக்கும் ஆட்டில் ஒரு துண்டு இறைச்சிகூட நான் வீட்டுக்கு எடுப்பதில்லை. எல்லாம் அயலுக்குத்தான். கரைத்தீவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மர்ஸூக் டொக்டர் தாராளமான மனுசன் என்று. நீங்கள் சந்தேகப்படுவதில் எனக்குக் கோபமில்லை, சேர். விசாரிப்பது உங்கள் தொழில்.

சில பிள்ளைகளுக்குச் சிறுநீர் கீழே இறங்காமல் சிறுநீரகத்துக்கே திரும்பி ஏறும். அடிக்கடி காய்ச்சல் அடிக்கும். வயிற்றைக் கீறிச் சரிசெய்வார்கள். எனக்குக் கீறுவது பிடிக்காது. மெல்லிய குழாயை உள்ளே விட்டு, சிறுநீர் ஏறும் வாயில் நானே செய்த பசையை ஊசியால் ஏற்றினேன். முதலில் ஆடுகளுக்கு, மாம்புரியில் என் தென்னந்தோட்டத்தில். அவற்றைப் பார்த்துக்கொண்டவர் லத்தீப் நானா. அவருடைய மகள் றைஸாவுக்கும் அதே நோய்தான்.

ஆடுகள் நன்றாக மேய்ந்தன. ஸ்கேன் பண்ணியபோதுதான் பசை வீங்கி வழியை அடைத்தது தெரிந்தது. சிறுநீரகங்கள் நீர் கட்டி ஊதியிருந்தன. பெருநாளும் நெருங்கியிருந்தது, அத்தனையையும் குர்பான் பலிக்குக் கொடுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பெருநாள் சோற்றில் மறைக்கலாம்.

அறுத்தவர் லத்தீப் நானா. உரித்த கையோடு ஒரு சிறுநீரகத்தை வாழையிலையில் கொண்டுவந்தார்.

“டொக்டர், குண்டிக்காய் ஊதிப் போய் இருக்கு. நோய் உள்ள ஆடு குர்பானுக்குக் கூடாதே?”

“வெளியில தெரியாத குறை குறையில்ல நானா. உங்களுக்கும் தெரியா, எனக்கும் தெரியா. அல்லாஹ் ஏற்றுக் கபூலாக்குவான்.”

அவர் போகவில்லை. இலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“நீங்க போட்ட மருந்தாலயா?”

“ஆட்டுக்கு ஆயிரம் நோய் வரும்.”

“ஓம், அதுவும் சரிதான்,” என்றார். குர்பான் நிறைவேறிவிட்டது என்பதே அவருக்குப் பெரிய ஆறுதல்.

பெருநாள் கழிந்து அவரே றைஸாவைக் கூட்டிவந்தார். தெரிந்தும் அவளுக்கு ஏன் பசையை ஏற்றினாய் என்று கேட்கிறீர்கள். ஆட்டுக்கு ஒத்துவராதது பிள்ளைக்கும் ஒத்துவராது என்று ஒரு சட்டமும் இல்லை. அத்தோடு, நான் மாட்டேன் என்றிருந்தால் அவருக்கு அந்த வாழையிலை ஞாபகம் வந்திருக்கும்.

காய்ச்சல் நின்றது. தாய் பஸீஹா வட்டிலப்பம் செய்து அனுப்பினார். பசை வீங்குவதை ஸ்கேனில் கண்டேன், எடுக்கவில்லை. எடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். சிறுநீரகம் சத்தமில்லாமல் செத்துப்போனது.

இப்போது பிள்ளையின் விலாவில் நீளமாக ஒரு தழும்பு இருக்கிறதாம். அது கொழும்பில் சிறுநீரகத்தை வெட்டி எடுத்தபோது வந்தது, சேர். நான் பிள்ளையைக் கீறவே இல்லை.