சாக்குக்குக் கட்டின நூல்

கமீலா: தபால் ஏதும் வந்திச்சா?

றுமைஸ்: கரண்ட் பில் வந்திச்சி.

கமீலா: வேற?

றுமைஸ்: வேற என்ன வரணும்... டீக்கு சீனி போட்டயா?

கமீலா: அடியில கிடக்கு, கலக்குங்க. கொழும்பு கெம்பஸ் கடிதத்தக் கேக்கன். எடுபட்டாத்தான் கடிதம் வருமாம். பதில் போட நாளைக்குக் கடைசி நாள்.

றுமைஸ்: திரும்ப அந்த எம்.பி.ஏ. கதையா? டொக்டருக்கு எதுக்குகா யாவாரப் படிப்பு? ரெண்டு ஊசி போட்டா ஒரு ஊசி சும்மா குடுக்கவா?

கமீலா: சிரிக்க வெக்காதீங்க. நான் கோவமா இரிக்கன்.

றுமைஸ்: அந்தப் படிப்பப் படிச்ச ஆள் இந்தா முன்னுக்கு இரிக்கன். என்னத்தக் கண்டன்? ரைஸ் மில்லுல சாக்கு எண்ணுறன்.

கமீலா: போன வருசம் ஆசுபத்திரிய என்ட பொறுப்புல தந்தாங்களே... மருந்து அறைக்குள்ள ஒரு பக்கம் நாள் முடிஞ்ச மருந்து குவிஞ்சி கிடக்கு, மறுபக்கம் தட்டு வெறும் தட்டு. சுபஹுத் தொழுகையோட வந்து வரிசையில நிண்ட கிழவிக்கிட்ட, மருந்தில்ல உம்மா, வெளிய வாங்குங்க எண்டு சொன்னது ஆரு? நான். ஆறு வருசம் நெஞ்சுல குழாய் வெச்சிப் பாக்கப் படிப்பிச்சாங்க. ஒரு இடத்த நடத்த ஆரு படிப்பிச்ச?

றுமைஸ்: அதுக்காக ரெண்டு வருசம் வெள்ளிக்கு வெள்ளி கொழும்பு பஸ்ஸா? மகள ஆரு பாக்குற?

கமீலா: உம்மா பாப்பா. நாம இரிக்கிறதே உம்மாட ஊட்டுலதானே.

றுமைஸ்: ஓம்... ஊடும் உங்கடதான்.

கமீலா: இஞ்ச பாருங்க. அது என்ன கதை?

றுமைஸ்: ஒண்டுமில்ல.

கமீலா: சொல்லுங்க.

றுமைஸ்: கலியாணம் முடிச்சி ஒரு சூட்கேசோட வந்தவன் நான். ஊடு உன்ட. ரோட்டுல போனா, டொக்டர்ர மாப்பிள போறாரு எண்டுதான் சனம் சொல்லுது. எனக்கு றுமைஸ் எண்டு ஒரு பேர் இரிக்கிறது போஸ்ட்மன் செல்லத்தம்பியண்ணனுக்கு மட்டும்தான் தெரியும்.

கமீலா: அல்லாஹ்வே...

றுமைஸ்: சிரி, சிரி. உன்னட்ட இல்லாம என்னட்ட இரிந்தது அந்த ஒரு டிகிரிதான். அதையும் நீ எடுத்தா... எனக்கு என்னகா மிச்சம்?

கமீலா: இதுவா உங்கட மனசுல கிடந்த?

றுமைஸ்: டீ நல்லாரிக்கி.

கமீலா: டீய விடுங்க. போன மாசம் கொழும்பால ஆக்கள் வந்து மருந்து அறையப் பாத்து மெச்சினாங்க எண்டு சொன்னனே?

றுமைஸ்: ஓம், நானும் மில்லுல எல்லாருக்கும் சொன்னன்.

கமீலா: அது உங்கட வேல.

றுமைஸ்: நான் அந்தப் பக்கமே வரல்லியே!

கமீலா: சாக்கு வாயில மாசத்துக்கு ஒரு நெறத்துல நூல் கட்டுவீங்களே? பழசு முன்னுக்கு, புதுசு பின்னுக்கு. மூணு சாக்கு மிச்சமிரிக்கக்கயே அடுத்த லோடுக்குச் சொல்லணும் எண்டு... சோறு தின்னக்க சும்மா கேக்கிற மாதிரிக் கேட்டன். அடுத்த நாளே மருதமுனைத் தறிக்காரங்களுக்கிட்ட ஆள் அனுப்பி நூல் எடுப்பிச்சி, மருந்துப் பெட்டிக்கெல்லாம் கட்டினன்.

றுமைஸ்: அட கள்ளி!

கமீலா: ஆர்ர யோசன எண்டு கேட்டாங்க. என்ட எண்டு சொல்லிட்டன். அண்டையிலரிந்து ஒரே வெக்கம்.

றுமைஸ்: அப்ப என்னத்துக்குப் படிப்பு? நான் இரிக்கனே, கேளு.

கமீலா: கேக்கிறன்தான். நீங்க சொல்றதுல பாதி எனக்கு விளங்குதில்ல. அதான் போகப் பாக்கன்... உங்களோட சரிக்குச் சரியா இரிந்து கதைக்கணும்.

றுமைஸ்: என்னோடயா?

கமீலா: வேற ஆரோட?

றுமைஸ்: பைக் சாவி எங்க?

கமீலா: டீய வெச்சிட்டு எங்க போறீங்க?

றுமைஸ்: எங்கயும் போகல்ல. பைக் சீட்டத் தொறக்கணும், அதுக்குள்ளதான் வெச்சன்... இந்தா புடி, உன்ட கெம்பஸ் கடிதம். வந்து ஒம்பது நாள். மாப்புச் செய் கமீலா.

கமீலா: ஒட்டினபடியே இரிக்கி.

றுமைஸ்: தொறக்கல்ல. அந்தளவுக்கு மோசமில்ல நான்.

கமீலா: தெரியும்.

றுமைஸ்: என்ன தெரியும்?

கமீலா: செல்லத்தம்பியண்ணன் அண்டைக்கே சளிக்கு மருந்தெடுக்க வந்த இடத்துல, கடிதத்த உங்கட கையில குடுத்த எண்டு சொல்லிட்டாரு... அலுமாரிக்குள்ள கெம்பஸுக்கு ரெண்டு பதில் கடிதம் எழுதி வெச்சிரிக்கன். நீங்களாக் கொண்டுவந்து தந்தா, வாறன் எண்டு போடுற ஒண்டு. தராட்டி, வரல்ல எண்டு போடுற மத்தது. அந்த மத்தத உங்கட கையால கிழிச்சிட்டு வாங்க... டீ ஆறுது.