ஐந்து வரியில் இல்லாத பெயர்கள்

"படுங்கோ! படுங்கோ! தலையைத் தூக்காதேங்கோ!"

கத்துவது செல்வம் அண்ணை. பக்கத்து வளவுக்காரர். வன்னி, சண்டைக் காலம். மண்ணில் தோண்டிய பங்கருக்குள் ஆறு பேர் கிடக்கிறோம். வெள்ளிக்கிழமை, காலை பத்தரை. தூரத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். பிறகு ஷெல் வரும் கூவல். எண்ணுகிறேன். எட்டு வரை எண்ணினேன். ஒன்பதுக்கு வாசல் இடிந்தது. மண். இருட்டு. காது கேட்கவில்லை. நானும் அண்ணையும் எழும்பினோம். மற்ற நாலு பேரும் எழும்பவில்லை. தோண்டி எடுக்க நேரமில்லை. அடுத்த கூவல் வந்துவிட்டது. ஓடினோம்.

இப்போது லண்டன். கிங்ஸ்பரி. எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஜப்பான் கவிதைகள் வாசிக்கிறோம். அணுகுண்டுக்குத் தப்பிய சாதாரண சனம் எழுதியவை. ஐந்தே வரி. அலங்காரம் கிடையாது. எரிந்ததை எரிந்தது என்றே எழுதியிருக்கிறார்கள். எழுத வராது என்றிருந்தவள் நான். அன்று பஸ்ஸிலேயே எழுதினேன். நாலு வரியில் நாலு பெயர். ஐந்தாவது வரி, மண் மூடியது.

வட்டம் ஆங்கிலத்தில் ஒரு தொகுப்புப் போட்டது. மொழிபெயர்க்க அண்ணையிடம் கொடுத்தேன். அவரும் லண்டனில்தான், பார்க்கிங் என்ற ஊரில் இருக்கிறார். வேறு யாரிடம் கொடுப்பேன்?

"பேரை மட்டும் விட்டிடாதேங்கோ அண்ணை. அவைக்குக் கல்லறையும் இல்லை, மரணச் சான்றிதழும் இல்லை."

"ஓம் ஓம், பாப்பம்."

எங்கள் ஆட்களின் 'பாப்பம்' எனக்குத் தெரியும். கலியாணத்துக்கு வருவியளோ என்றால் பாப்பம். வரமாட்டார்கள். தெரிந்தும் நம்பினேன்.

புத்தகம் வந்தது. என் பக்கத்தில், நாலு பெயர் இருந்த இடத்தில் நாலு செர்ரிப் பூக்கள். காற்றில் மெல்ல விழுகின்றன. கீழே என் பெயர். வன்னியில் ஏது செர்ரி?

போன் எடுத்தேன்.

"ஜப்பான் கவிதை எண்டால் பூ வரவேணும் பிள்ளை. வெள்ளைக்காரரும் வாசிக்கவேணுமெல்லே."

"குண்டு விழுந்த சனம் பூவே எழுதினது? உங்கட தம்பியின்ரை பேரும் அதிலை இருந்ததே, அண்ணை!"

"அதைத்தான் என்ரை கையாலை எழுத ஏலாது." வைத்துவிட்டார்.

விளங்குகிறது. மன்னிக்க முடியவில்லை. எழுத ஏலாதென்றால் தாளைத் திருப்பித் தந்திருக்கலாம். பூவாக்கித் தந்தார்.

ஆகவே இங்கே எழுதுகிறேன்.

என் மகள் தர்ஷினி, ஆறு வயது. என் கணவர் உதயன். மாமி இராசம்மா. செல்வம் அண்ணையின் தம்பி குகன், சைக்கிள் கடை வைத்திருந்தவன்.

நாலு பேர்.

ஐந்தாவதாக நான் இழந்தது, அந்தக் காலையைப் பற்றி விளக்கம் சொல்லாமல் பேசக்கூடிய ஒரே மனிதரை. உயிரோடுதான் இருக்கிறார்.