மாநாட்டுக்கு முந்தின நாள்

சென்ட்ரலில் ஏறிய இரண்டு பெண்கள் கிள்ளான் ரயிலில் என் எதிரே அமர்ந்தார்கள்.

“என் மருந்த நானே கொன்னுட்டேன் லா,” என்றாள் கண்ணாடி அணிந்தவள். “பேட்டன்ட்டுக்கு மனு போடறதுக்கு முன்னாடியே மாநாட்டுல பேசிட்டேன். வெளிய சொன்னத ஐரோப்பாவுல புதுசுன்னு ஏத்துக்க மாட்டாங்க; பேட்டன்ட் இல்லாத மருந்த எந்தக் கம்பெனியும் எடுக்காது.”

“அதுக்காக லேப்ப விட்டுட்டு, மத்தவங்களுக்கு மனு போட்டுத் தர்ற பேட்டன்ட் ஏஜென்ட் பரீட்சையா? போன தடவ ஃபெயில் வேற,” என்றாள் தோழி.

“மறுபடி எழுதுவேன். இன்னொருத்தர் மருந்து இப்படிச் சாகக் கூடாது.”

“சரி லா, லாயரம்மா. நாளைக்குப் பினாங்கு மாநாட்டுல என் புது மருந்து பத்திப் பேசறேன். வந்து கை தட்டு.”

“நீ மனு போட்டுட்டியா?”

“மாநாடு முடிஞ்சதும் போடலாம்னு இருந்தேன்,” என்றாள் தோழி.

“லேப்டாப்ப எடு.”

ஷா ஆலம் வருவதற்குள் மருந்தில் என்ன இருக்கிறது என்று காட்டும் மூன்று ஸ்லைடுகளைத் தோழி அழித்திருந்தாள்.