பார்லிமெண்ட் வரை போன விரல்

ஏ.எஸ்.ராவ் நகரில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஒரே பட்டறையில் வேலை செய்கிறவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. மூத்தவளின் வலது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது.

"என் விரல் பார்லிமெண்ட் வரைக்கும் போயிருக்குடி," என்றாள் அவள்.

"என்னக்கா சொல்றீங்க?"

"நம்ம எம்.பி. பேசின வீடியோ வந்துச்சு. தகடு அடிக்கிற பிரெஸ் மிஷின்ல கையைக் காக்குற கவர் இல்லாம ஒரு பொம்பளைக்கு விரல் போச்சு, தொழிலாளிங்க பாதுகாப்புக்கு என்ன செஞ்சீங்கன்னு கேக்குறாரு."

"கவர் இருந்துச்சேக்கா."

"ஹவ், ஆமாடி, இருந்துச்சு. நான்தான் கழட்டி வெச்சேன். அது இருந்தா கை வேகமா போகுமா? சாயந்திரத்துக்குள்ள அவ்வளவு பீஸ் எப்படி முடிக்கிறது?"

"எம்.பி. உங்களைப் பாக்க வீட்டுக்கு வந்தப்ப அவர்கிட்ட இதைச் சொல்லலையா?"

"விரல் எப்படிப் போச்சுன்னு கேட்டாரு. ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் முடிக்கணும்னு கேக்கலையே."

இளையவள் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"எம்.பி. பேசினதும் ஆபீசருங்க வந்தாங்களேக்கா?"

"வந்தாங்க. அன்னிக்கு எல்லா மிஷின்லயும் கவர் மாட்டியிருந்துச்சு. இன்னிக்கு நீ மாட்டினியா?"

"இல்லக்கா. நீங்க?"

மூத்தவள் டிக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"நானும் மாட்டலடி."