ஃபிரூமா நிறுத்திய வாசிப்பு

அடுத்த வசனத்துக்குப் போலாம்னுதான் இருந்தேன்... மனசு கேக்கல. அதுக்கு முன்னால ஒரு சின்னக் கதை சொல்லிடுறேன். கதை நான் கட்டினது. ஆனா இதுல வர்ற வழக்கம் யூதர்கள்கிட்ட நிஜமாவே இருந்தது.

என்ன வழக்கம்? ஜெப ஆலயத்துல வேதம் வாசிக்கும்போது, அநியாயத்துக்கு ஆளான ஒருத்தர் முன்னால வந்து "நிறுத்துங்க"ன்னு சொல்லலாம். சொன்னா நிறுத்தணும்! அவங்க முறையீட்டைச் சபை கேட்ட பிறகுதான் வாசிப்பு தொடரும். நம்ம சபையில நடக்குமா? ...சரி, விடுங்க.

நூத்தி எழுபது வருஷத்துக்கு முன்னால, ரஷ்ய மன்னர் ஆட்சியில ஒரு சின்ன ஊர். அங்க ஃபிரூமான்னு ஒரு விதவை. ரொட்டி சுட்டு விக்கிறவ. ஒரே மகன், லெய்ஸர். பத்தொன்பது வயசு. அப்பல்லாம் ஒவ்வொரு ஊர் யூதரும் பட்டாளத்துக்கு ஆள் கொடுத்தாகணும். போனா எத்தனை வருஷம் தெரியுமா? இருபத்தஞ்சு வருஷம்! யார் போகணும்னு பட்டியல் போடுறது மன்னர் இல்ல... அந்த ஊர்ச் சபைதான்.

அந்த வருஷம் மூணு பேரைக் கேட்டாங்க. மூணாவதா வர வேண்டிய பேரு, சபைத் தலைவர் ஹிர்ஷோட மகன் பேரு. எழுதி முடிச்சுப் பாத்தா, அந்த இடத்துல லெய்ஸர் பேரு இருக்கு! எப்படி வந்துச்சு? கேட்டா யாருக்கும் தெரியாது. ஆனா எல்லாருக்கும் தெரியும்.

பண்டிகைக்கு முந்தின நாள் ரெண்டு தடியனுங்க வந்து அவனை இழுத்துட்டுப் போய், ஆலயத்துக்குப் பின்னால ஒரு அறையில போட்டுப் பூட்டிட்டாங்க. பண்டிகை முடிஞ்ச மறுநாள் பட்டாளத்துக்காரன் வருவான்.

அது புது வருஷப் பண்டிகை. ரெண்டாம் நாள் அவங்க வாசிக்கிறது, கடவுள் கேட்டாருன்னு ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போன பகுதி. பெண்கள் எல்லாரும் மாடியில. கீழ அவங்க குருவானவர், ரபீ, தோல் சுருளை விரிச்சு வாசிக்கிறார். "உன் மகனை..."

அவ்வளவுதான். மாடிப்படியில தடதடன்னு சத்தம். ஃபிரூமா ஆண்கள் நடுவுல புகுந்து வந்து, சுருள் இருந்த மேசையில ரெண்டு கையாலயும் ஓங்கி அடிச்சா.

"நிறுத்துங்க!"

ஹிர்ஷ் எழுந்துட்டார். "பண்டிகை நாள்ல இது என்னம்மா கூத்து? நீங்க வாசிங்க ரபீ!"

ரபீ வாசிக்கல. "நீ சொல்லும்மா."

"போன வருஷம் இதே இடத்துல விளக்கம் சொன்னீங்களே ரபீ? கடவுள் 'உன் மகனை'ன்னாராம். ஆபிரகாம், 'எனக்கு ரெண்டு மகன் இருக்காங்களே'ன்னாராம். 'ஒரே மகனை'ன்னாராம். 'அவன் அவங்க அம்மாவுக்கு ஒரே மகன், இவன் இவங்க அம்மாவுக்கு ஒரே மகன்.' 'நீ நேசிக்கிறவனை.' 'ரெண்டு பேரையும் நேசிக்கிறேனே!' அதுக்கப்புறம்தான் ஈசாக்குன்னு பேரைச் சொன்னாராம். எடுத்த எடுப்புல சொன்னா அந்த அப்பன் தாங்க மாட்டாருன்னு சொன்னீங்க."

"ஆமா, சொன்னேன்."

"எனக்கு வேற தோணுது... சொல்லலாமா?"

ரபீ தலையசைச்சார்.

"அடுத்தவ பிள்ளையை இழுத்துட்டுப் போயிடக் கூடாதுன்னுதான் கடவுள் அத்தனை தடவை சொன்னாரு! ஆபிரகாம் வீட்டுல வேலைக்காரங்க இல்லையா? அவங்களுக்குப் பிள்ளைங்க இல்லையா? அவர் தொடலையே! தன் பிள்ளையைத்தானே கூட்டிட்டுப் போனாரு! நீங்க... யார் பிள்ளையை அங்க பூட்டி வச்சிருக்கீங்க?"

ஹிர்ஷ் கத்துறார். "விட்டுட்டா மூணாவது ஆளுக்கு எங்க போறது? பட்டாளத்துக்காரன் ஊரையே சூறையாடிருவான்! அப்ப இவளா வந்து பதில் சொல்லுவா?"

ரபீ அவர் பக்கம் திரும்பினார். "ஹிர்ஷ்... அந்தப் பட்டியல்ல என் கையெழுத்தும் இருக்கு. பேரை மாத்தினது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன்."

சொல்லிட்டு, சுருளை மூடினார். "அந்தக் கதவு திறக்கிற வரைக்கும் இது திறக்காது."

மத்தியானம் ஆச்சு. ஒருத்தரும் வீட்டுக்குப் போகல. குழந்தைங்க பசியில அழுதுங்க. அறைக்குள்ள இருந்து லெய்ஸர் கதவை இடிக்கிற சத்தம் கேட்டுட்டே இருக்கு. ஹிர்ஷ் இந்தப் பக்கம் பாக்குறார், அந்தப் பக்கம் பாக்குறார். ஒருத்தர்கூட அவர் முகத்தைப் பாக்கல. வெயில் சாயுற நேரத்துல, அவரே எழுந்து போய்ப் பூட்டைத் திறந்துவிட்டார்.

ஃபிரூமா பிள்ளையைக் கட்டிப் பிடிச்சு அழுதான்னு நினைக்கிறீங்களா? இல்ல. அவன் சட்டையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு, திரும்பிப் பாக்காம ஓடினா.

மறுநாள் பட்டாளத்துக்காரன் வந்தான். எண்ணிப் பாத்தான். "மூணாவது எங்க?"

ரபீ முன்னால போய் நின்னார். "கொடுக்கக் கூடாதுன்னு சொன்னவன் நான்தான்." ரெண்டு வருஷம் சிறையில கிடந்தார். ஹிர்ஷோட மகன்? எல்லை தாண்டித் தப்பிச்சுட்டான். அப்ப நியாயம் முழுசா கிடைச்சுதா? இல்லங்க. பட்டியல்ல இருந்த மத்த ரெண்டு பேரும் போனவங்க போனவங்கதான். அவங்க அம்மாக்கள் அன்னைக்கு எங்க இருந்தாங்க? அதே மாடியில... ஃபிரூமாவுக்குப் பக்கத்துல. கீழ இறங்கி வரத் தைரியம் இல்லாம.

இதை எதுக்குச் சொல்றேன்? வேதத்துல ஒரு வார்த்தை கூடுதலா இருந்தா, ஏன் இருக்குன்னு கேட்டுக் கேட்டு வாசிச்ச ஜனம் அது. கேக்கிறது அவங்களுக்கு அவமரியாதை இல்ல, பக்தி. படிச்ச ரபீக்குப் பிடிபடாத அர்த்தம் ரொட்டி சுடுறவளுக்கு எப்படிப் பிடிபட்டுச்சு? மத்தவங்களுக்கு அது பழைய கதை. அவளுக்கு அது அவ வீட்டுலயே நடந்தது.

நீங்களும் நானும் எத்தனை அழகா வாசிக்கிறோம்! ராகம் போட்டு வாசிக்கிறோம்... கேக்கிறவங்கள்ல யாருக்கு அந்த வசனம் நெஞ்சுல குத்துதுன்னு பாத்திருக்கோமா? இனிமே யாராவது எழுந்து "எனக்கு அநியாயம் நடந்துச்சு"ன்னு சொன்னா, "ஆராதனை முடியட்டும்மா"ன்னு சொல்லாதீங்க. எழுந்திரிக்க முடியாம உக்காந்திருக்கிறவங்க இருந்தா, நீங்க அவங்ககிட்ட எழுந்து போங்க.

வேதம் காத்திருக்கும்யா... அந்த அம்மாவால காத்திருக்க முடியாது.